ஏணியிலிருந்து விழுந்தவர்

சட்டைப் பொத்தான் போட அக்காவைக் கூப்பிட்டான் தம்பி. மனைவியைக் கூப்பிடவில்லை.

"கதவைச் சாத்திட்டு வாக்கா."

அக்கா கதவைச் சாத்தினாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டை திறந்து கிடந்தது. இரண்டு கைகளும் மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இருந்தன.

"நேத்து வரைக்கும் இடது கையால நீயே போட்டுக்கிட்டியேடா?"

"நேத்து போட்டேன். இன்னைக்குப் போடல. மெதுவாப் பேசு, அவளுக்குப் பாம்புக் காது."

வலது கை முன்பே போய்விட்டது. கத்திரிக்கோல் நழுவி வாடிக்கையாளர் ஒருவரின் மடியில் விழுந்த அன்றைக்கு அவனுடைய சலூனின் ஷட்டரை இறக்கினார்கள். அதன்பிறகு அது ஏறவே இல்லை. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் என்று நரம்பு டாக்டர் சொன்னார். நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போட ஒரு மாத்திரை உண்டு என்றார். அதைத்தான் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் இதற்குப் புது ஊசி போடுகிறார்கள் என்று சேதி வந்தது. தண்டுவடத்தில் போடுகிற ஊசி. பழைய மாத்திரையை முன்கூட்டியே நிறுத்திவிட்டு வரவேண்டும், ரத்தத்தில் அதன் சுவடு தெரிந்தாலும் ஊசி கிடையாது என்றார்கள். நிறுத்தக் கூடாது என்று தம்பி மனைவி வீட்டை இரண்டாக்கினாள். அக்காதான் அவள் வாயை அடைத்தாள்.

"மூணு ஆய்வு இருக்கு. மூணுலயும் பலன் தெரிஞ்சிருக்கு. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

அக்கா பெரிய மருத்துவமனையில் நூலகர். எந்த நோய்க்கு எந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்று டாக்டர்களுக்கே தேடிக் கொடுக்கிறவள். அவள் சொன்ன பிறகு பேச்சேது? மாத்திரை நின்றது.

நாளைக் காலை ரயில்.

"குனி," என்றாள் அக்கா. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். அவன் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்தாலும் முதலில் தலையைப் பார்ப்பது அவன் தொழில் புத்தி.

"யாருக்கா உனக்கு முடி வெட்டினது? காது ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"உன் கடை மூடிக் கிடக்கு, வேற எங்க போறது?"

"ஊசி போட்டுட்டு வந்து முதல் வேலை உன் தலைதான். அது வரைக்கும் தொப்பி போட்டுக்க. எனக்கு மானக்கேடு."

வெளியே தம்பி மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவள் மடித்த துணி பெட்டியில் சுவர் கட்டினாற்போல் நிற்கும்.

"அண்ணி, அந்த மூணு ஆய்வையும் முழுசா அச்சு எடுத்துட்டு வந்துடுங்க. அங்க யாராவது ஏதாவது கேட்டா எடுத்து நீட்டணும்."

"சரிம்மா."

"மூணுதானே? எண்ணி வைங்க."

அவள் குரலில் பழைய சண்டையின் மிச்சம் இருந்தது. ஆனாலும் தம்பியின் ரயில் போர்வையை இரண்டாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டவளும் நம்பத் தொடங்கிவிட்டாள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா படியிறங்கினாள்.

*

நூலகம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. பக்கத்து அறையில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ராட்சத இயந்திரங்கள். நாள் முழுக்க மேஜை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிற பயிற்சி டாக்டர்கள் நிலநடுக்கமா என்று கேட்பார்கள்.

அவள் நாற்காலிக்கு நேரெதிரே சுவரில், அவளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள்:

'தேடும் சொல்லிலேயே பதிலை வைக்காதீர்கள். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.'

வகுப்பு எடுக்கும்போதெல்லாம் அதைக் குச்சியால் தட்டிக் காட்டுவாள். "மருந்து வேலை செய்யுதான்னு தேடுங்க. மருந்தோட பலன்னு தேடாதீங்க. பலன்னு கேட்டா பலனைத்தான் கொண்டுவந்து கொட்டும். கடைக்காரன்கிட்டப் போய் நல்ல பழம் எதுன்னு கேட்ட மாதிரி."

இரண்டு கட்டுரைகள் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. மூன்றாவதை வேறொரு நூலகத்திலிருந்து கேட்டிருந்தாள். அன்று காலைதான் வந்திருந்தது. மூன்றையும் அச்செடுத்து, ஓரம் தட்டி, பின் அடிக்கப் போனவள், சும்மா ஒரு பக்கத்தைப் பார்த்தாள்.

'ஒருவர் வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்ததால் ஆய்விலிருந்து விலகினார்.'

பாவம், என்று நினைத்தாள். தசை தளர்ந்த மனுஷன் எதற்கு ஏணி ஏறினார்? பல்பு மாற்றவா? வேறு ஆள் இல்லையா வீட்டில்?

அடுத்த கட்டுரையைப் புரட்டினாள். அங்கேயும் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்திருந்தார். அங்கேயும் தோள்தான்.

இவருமா?

மூன்றாவதைப் புரட்டும்போது பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. எச்சில் தொட்டுப் பிரித்தாள். ஏணி. தோள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் கட்டுரையில் நாற்பத்தோரு நோயாளிகள், அதில் ஆண்கள் இருபத்தாறு பேர், மூத்தவருக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதிலும் அதேதான். தலைப்பு வேறு, எழுதியவர்களில் முதல் பெயர் வேறு, வெளிவந்த ஆண்டு வேறு. ஒன்று மூச்சைப் பற்றி, ஒன்று கைவலுவைப் பற்றி, ஒன்று நோயாளிகளின் அன்றாடத்தைப் பற்றி. ஆட்கள் மட்டும் அதே நாற்பத்தோரு பேர்.

மூன்று ஆய்வு இல்லை. ஒரே ஆய்வை மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து அறையில் இயந்திரம் வேகம் பிடித்தது. மேஜையோடு தாள்களும் நடுங்கின.

அவள் கையை வைத்து அழுத்திக்கொண்டு படித்தாள். இந்த முறை எல்லாவற்றையும் படித்தாள். ஊசி போடாத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. கடைசி அளவெடுப்புக்கு இருபத்து நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள்? 'தொடர்பில் இல்லை.' அவ்வளவுதான் போட்டிருந்தது. வர முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்கள் எப்படி வருவார்கள்? நடந்து வர முடிந்தவர்களை மட்டும் அளந்துவிட்டு, நோயாளிகள் நன்றாக நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

எந்தப் பயிற்சி டாக்டராவது இந்த மூன்றையும் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பாள். தம்பிக்காகத் தேடியபோது அவள் இந்த மேஜையில் உட்காரவில்லை. அவனைப் பரிசோதனைக்குச் சேர்த்திருந்த வார்டின் மாடிப்படியில் உட்கார்ந்து, மேலே அவன் இருமுகிற சத்தம் கேட்க, கைபேசியில் தேடினாள். ஊசியின் பெயரைப் போட்டாள். பக்கத்தில் 'பலன்' என்று போட்டாள். மூன்று சுருக்கங்கள் வந்தன. படித்துவிட்டு அங்கேயே அழுதாள், சந்தோஷத்தில்.

கணினியைத் திறந்து சரியாகத் தேடினாள். ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்து வைக்கிற பொதுப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் இன்னொரு ஆய்வு இருந்தது. பெரியது. பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்திருந்தார்கள். பல வருஷம் முன்பே முடிந்துவிட்டது.

முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

ஏன் காலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சேதி என்றால் இத்தனை வருஷம் யார் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? ஆனால் அதுவும் ஊகம்தான். ஊகத்தை முடிவு என்று சொல்லி ஒரு தரம் பட்டது போதும்.

பதிவில் இருந்த முகவரிக்கு, முடிவுகளைக் கேட்டு நாலு வரி எழுதினாள். 'நாளைக் காலை என் தம்பிக்கு ரயில்' என்று ஐந்தாவது வரியாக எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினாள்.

*

நரம்பு டாக்டரை வார்டு வாசலில் பிடித்தாள். கை கழுவிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் குழாயை மூட மறந்து நின்றார்.

"மூணும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் டாக்டர்."

"நீங்களே மூணு இருக்குன்னு சொன்னதால நான் திறந்து பாக்கல மேடம். நீங்க பாத்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"நானும் எழுதினவங்க பாத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அவர் குழாயை மூடினார். "இன்னைக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிங்க."

"ஆரம்பிச்சா ஊசி கிடையாது."

"தெரியும்."

"இடது கையும் போயிடுச்சு டாக்டர். மாத்திரையை நிறுத்தினதாலயா?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரே ஒரு ஆளை வச்சு அதை எப்படிச் சொல்றது? நிறுத்தாம இருந்தாலும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதைத்தான் வருஷக்கணக்காக வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த ஒரு ஆள் தன் தம்பியாக இருந்தால் அந்த வாக்கியம் எவ்வளவு கொடூரமானது என்று மட்டும் யாருக்கும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை.

"போன விரல் திரும்பி வருமா?"

"வராதும்மா," என்றார் அவர். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

*

சாயங்காலம் பெட்டி வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. அதன்மேல் மடித்த போர்வை. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் தலைகளைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தாளைப் பாரு. பின்னாடி படிக்கட்டு விட்டிருக்கான். யாரு கைவரிசையோ!"

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூன்று கட்டுரைகளையும் மேஜையில் வைத்தாள். பழைய மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

தம்பி மனைவி முதலில் அட்டையைத்தான் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"உக்காரும்மா."

"எனக்குப் புரியாதுன்னீங்க அண்ணி. இன்னைக்குப் புரியற மாதிரியே சொல்லுங்க. நின்னுக்கிட்டே கேட்கறேன்."

அக்கா சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்தவரைச் சொன்னாள், நாற்பத்தோரு பேரைச் சொன்னாள், திரும்பி வராதவர்களைச் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்து என்ன சொல் போட்டுத் தேடினாள் என்பதையும் சொன்னாள்.

"அப்போ நான் கத்தினது சரி," என்றாள் தம்பி மனைவி.

"சரிதான்."

"சரின்னு சொன்னா ஆச்சா? காலையில அவருக்குப் பொத்தான் போட்டது நீங்கதானே?"

தம்பி ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டு நாடகம் போடறீங்களா? மேல் பொத்தானைப் பாருங்க. கழுத்து வரைக்கும் போட்டு வச்சிருக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் அந்தப் பொத்தானைப் போட்டதே இல்ல. மூச்சு முட்டுதும்பாரு."

அவள் போய் அந்தப் பொத்தானைக் கழற்றினாள். கழற்றிய கையை அவன் கழுத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும் குலுங்கியது.

"சொல்லியிருந்தா நீ பயப்படுவே," என்றான் தம்பி.

"இப்ப மட்டும் தைரியமாவா இருக்கேன்?"

பிறகு தம்பி கேட்டான்.

"அக்கா, அந்த ஏணிக்காரர் அப்புறம் என்ன ஆனாரு?"

"எழுதலடா."

"மூணு தடவை விழுந்ததை எழுதியிருக்காங்க. எந்திரிச்சாரான்னு ஒரு தடவை கூடவா எழுதல?"

"எழுதல."

"வராமப் போனவங்க?"

"அவங்களைப் பத்தியும் இல்ல."

அவன் தலையாட்டினான். சிரிக்கிற மாதிரி வாய் போயிற்று, சிரிப்பு வரவில்லை. "சரி, இப்ப ரெண்டுல எதுக்கு ஆதாரம் இருக்கு? டாக்டருங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு."

"மாத்திரைக்கு இருக்கு. கொஞ்சம் தள்ளிப்போடும். நிறுத்தாது."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான்டா."

"ஊசிக்கு?"

"தெரியாது. வேலை செய்யும்னு தெரியாது. செய்யாதுன்னும் தெரியாது. கெடுதல் பண்ணுமான்னும் தெரியாது."

"கொஞ்சமா, தெரியாதா," என்றான் அவன், இரண்டையும் எடைபோடுகிறவன் போல. "நீ என்ன வேணா சொல்லுக்கா, கேட்கறதுக்குத் தெரியாதுங்கறதுதான் பெருசா இருக்கு."

அதுதான் அவளைக் கொன்றது. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை வருஷம் அவள் படித்ததும் தேடியதும் எல்லாம் அந்த ஒரு வார்த்தை பெரிதாகத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். இன்று அவள் தம்பியே அதன் முன்னால் வாய் பிளந்து நிற்கிறான். நிற்க வைத்தவள் அவள்தான்.

"போகலாம்," என்றாள் தம்பி மனைவி திடீரென்று.

"என்னது?" என்றாள் அக்கா.

"கை ரெண்டையும் கொடுத்தாச்சு. இப்ப வீட்டுல உக்காந்து கொஞ்சத்தை முழுங்கணுமா? நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க தடுக்காதீங்க அண்ணி, உங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை வாயை மூடினது போதும்."

"நான் இப்ப சொல்றதையாவது கேளும்மா..."

"அப்ப சொன்னதும் இதே வாய்தானே?"

அக்கா மாத்திரை அட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தம்பி மேஜையைப் பார்த்தான். மாத்திரை அட்டை, மூன்று கட்டுரைகள், ஒரு டம்ளர் தண்ணீர். எடுக்கக் கை இல்லாததால் எல்லாம் தூரத்தில் இருந்தன.

"நான் போனா நாற்பத்திரெண்டாவது ஆள், இல்லையா? ஒண்ணு செய்யுக்கா. என்னை எழுதும்போதாவது கடைசி வரைக்கும் எழுதச் சொல்லு. பாதியில விட்டுட்டு, தொடர்பில் இல்லைன்னு போட வேணாம். நான் எங்கயும் போயிடல, இந்த ஜன்னல்லதான் உக்காந்திருந்தேன்னு எழுதச் சொல்லு."

தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போது அக்காவின் கைபேசி அதிர்ந்தது. மேஜை மேல் இருந்த தண்ணீர் லேசாக வட்டமிட்டது. திரையில் தெரியாத ஒரு பெயர். கீழே, 'நீங்கள் கேட்ட ஆய்வின் முடிவுகளை இத்துடன்...' என்று பாதி வரி. கூடவே நீளமான ஒரு கோப்பு.

கோப்பின் தொடக்கத்தில் சுருக்கம் இருக்கும். பத்து வரி. அதைப் படித்தால் இந்த நிமிஷமே சொல்லிவிடலாம்.

"யாருக்கா?" என்றான் தம்பி. அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "நல்லதா, கெட்டதா?"

உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா இப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். தரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சுருக்கத்தைத் தாண்டி, நோயாளிகளின் விவரம் தொடங்கும் பக்கத்துக்குப் போனாள்.

"இன்னும் முழுசா படிக்கலடா," என்றாள்.